பதினைந்து புதிரின் வரலாறு

பதினைந்து புதிர் என்பது, நான்குக்கு நான்கு என்ற சதுரச் சட்டத்துக்குள் 1 முதல் 15 வரை எண்ணிட்ட சில்லுகளை நகர்த்தி வரிசைப்படுத்தும் ஆட்டமாகும். சட்டத்தில் 16 இடங்கள் உள்ளன. சில்லுகள் 15 மட்டுமே. எஞ்சிய ஓர் இடம் காலி. காலி இடத்தை ஒட்டி நிற்கும் சில்லை அதற்குள் தள்ளலாம். சில்லைத் தூக்கி வைக்கக் கூடாது. கலைத்துவிட்ட சில்லுகளை முதல் வரியில் 1, 2, 3, 4 எனத் தொடங்கி, கடைசி மூலை காலியாக இருக்கும்படி அடுக்கினால் ஆட்டம் முடிந்தது.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இதற்கென்று தனிப்பெயர் எதுவும் நிலைக்கவில்லை. சுசீந்திரம் மார்கழித் திருவிழாவிலும் கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழாவிலும் வளையல் கடை, பலூன் கடைகளுக்கு நடுவே தொங்கும் பிளாஸ்டிக் பலகையை நாங்கள் "நம்பர் விளையாட்டு" என்றே சொல்லி வந்தோம். உள்ளங்கை அளவுதான் இருக்கும். பக்கத்துச் சில்லின் பள்ளத்தில் மாட்டிக்கொண்டு ஓடுவதற்காக ஒவ்வொரு சில்லுக்கும் ஓரத்தில் ஒரு நாக்கு இருக்கும். நகத்தால் நெம்பினால் சில்லு தெறித்து வெளியே வந்துவிடும். இந்தச் சின்னக் குறையைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆட்டத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் கேள்வி ஒன்றுதான்: அடுத்து எந்தச் சில்லு? காலி இடம் மூலையில் இருந்தால் இரண்டு சில்லுகளில் ஒன்று, விளிம்பில் இருந்தால் மூன்றில் ஒன்று, நடுவில் இருந்தால் நான்கில் ஒன்று. அவற்றிலும் ஒன்று சற்றுமுன் செய்ததையே திருப்பிச் செய்வது. ஆக, பெரும்பாலும் இரண்டு மூன்று வழிகளுக்குள்தான் தேர்வு. இவ்வளவு குறைந்த வழிகளைக் கொண்டு சென்றடையக்கூடிய நிலைகளோ 10,46,139 கோடிக்கும் மேல். "எது நல்ல நகர்த்தல்" என்ற கேள்வி கணித அறிஞர்களையும் கணிப்பொறி வல்லுநர்களையும் நூறு ஆண்டுக்கு மேல் இழுத்து வைத்திருந்ததற்கு இதுவே காரணம்.

தபால் அதிகாரியின் கட்டைகள்

இந்தப் புதிரை உருவாக்கியவராக இன்று ஏற்கப்படுபவர், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் கானஸ்டோட்டா என்ற சிற்றூரில் தபால் அதிகாரியாக இருந்த நோயிஸ் பால்மர் சாப்மன். 1874 அளவிலேயே அவர் நண்பர்களிடம் ஒரு கட்டை ஆட்டத்தைக் காட்டியதாகத் தெரிகிறது. அதில் கட்டைகள் பதினைந்தல்ல, பதினாறு. நான்கு நான்காக அடுக்கி, ஒவ்வொரு வரியின் கூட்டுத்தொகையும் 34 வரும்படி செய்ய வேண்டும்.

34 என்றதும் நம்மவர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். கஜுராஹோவில் பார்சுவநாதர் சமணக் கோவில் கல்வெட்டில் உள்ள மாயச் சதுரமும் இதே நான்குக்கு நான்குதான், இதே 34தான்.

7 12 1 14
2 13 8 11
16 3 10 5
9 6 15 4

குறுக்கே கூட்டினாலும் நெடுக்கே கூட்டினாலும் மூலைவிட்டமாகக் கூட்டினாலும் 34. 1356இல் நாராயண பண்டிதர் எழுதிய கணித கௌமுதியில் இத்தகைய சதுரங்களை அமைக்கும் முறைகள் விரிவாக உள்ளன. இராமானுசனின் குறிப்பேடுகளில் முதல் அத்தியாயமே மாயச் சதுரங்களைப் பற்றியது. சாப்மனுக்கு இவை தெரிந்திருந்தன என்று சொல்வதற்கு ஆதாரம் இல்லை. அப்படிச் சொல்லிப் பெருமை தேடவும் தேவையில்லை. ஆனால் 16 எண்களை நான்கு வரிகளில் அடுக்கிப் பார்க்கும் ஆசை ஒரே ஊரில் பிறந்ததல்ல என்பது மட்டும் தெளிவு.

பதினாறில் ஒரு கட்டையை எடுத்துவிட்டு மற்றவற்றைத் தள்ளி ஆடும் வடிவம், சாப்மனின் மகன் வழியாக சிராகியூஸ் நகருக்கும், அங்கிருந்து கைமாறிக் கைமாறி கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபர்ட் நகருக்கும் சென்றது. அங்கே காது கேளாதோருக்கான அமெரிக்கப் பள்ளியின் மாணவர்கள் இதைச் செய்யத் தொடங்கினார்கள். 1879 டிசம்பருக்குள் அவர்கள் செய்த பலகைகள் ஹார்ட்ஃபர்ட்டிலும் பாஸ்டனிலும் விற்பனைக்கு வந்துவிட்டன. உலகையே பிடித்து ஆட்டப்போகும் ஒரு பொருளை முதலில் விற்பனைக்குச் செய்து கொடுத்தவர்கள் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்ற செய்தி பல புத்தகங்களில் காணப்படுவதில்லை.

பாஸ்டனில் மரவேலைக் கூடம் வைத்திருந்த மத்தியாஸ் ரைஸ் இதைப் பார்த்துவிட்டு, அதே டிசம்பரில் "ஜெம் புதிர்" என்ற பெயரில் செய்து விற்கத் தொடங்கினார். 1880 ஜனவரி இறுதியில் வூஸ்டர் நகரத்துப் பல் மருத்துவர் ஒருவர் புதிரை முடிப்பவருக்குப் பணப்பரிசு அறிவிக்க, பித்து பரவியது. பிப்ரவரியில் அமெரிக்கா, மார்ச்சில் கனடா, ஏப்ரலில் ஐரோப்பா. ஜூலைக்குள் பெரும்பாலும் அடங்கியும் விட்டது. சாப்மன் 1880 பிப்ரவரி 21 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. 1878இலேயே எர்னஸ்ட் கின்சி என்பவர் இதைப்போன்ற கட்டைப் புதிருக்குக் காப்புரிமை பெற்றிருந்தது காரணமாக இருக்கலாம் என்பர்.

சாம் லாயிட் சொன்ன கதை

இந்த வரலாறு நெடுங்காலம் யாருக்கும் தெரியாமல் போனதற்குச் சாம் லாயிட் (1841–1911) காரணம். அவர் சதுரங்கப் புதிர்களில் உண்மையிலேயே பெரிய திறமைசாலி. ஆனால் 1891 முதல் இறக்கும்வரை, பதினைந்து புதிரைத் தாமே கண்டுபிடித்ததாகச் சொல்லி வந்தார். அவர் மறைவுக்குப் பின் 1914இல் அவர் மகன் வெளியிட்ட பெரிய புதிர்த் தொகுப்பிலும் அதே உரிமைக்கோரல் இடம்பெற்றது. 14, 15 என்ற இரண்டு சில்லுகளை மட்டும் இடம் மாற்றி வைத்து, அதைச் சரிசெய்பவருக்கு 1,000 டாலர் தருவதாக அவர் அறிவித்த பரிசு உலகப் புகழ் பெற்றது. அந்தப் பணத்தை அவர் யாருக்கும் கொடுக்க வேண்டி வரவில்லை.

பின்வந்த புதிர் எழுத்தாளர்கள் பலரும் லாயிட்டின் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஜெர்ரி ஸ்லோகம், டிக் சோனவெல்ட் இருவரும் பழைய செய்தித்தாள்களையும் காப்புரிமை ஆவணங்களையும் தேடிப் படித்து 2006இல் வெளியிட்ட நூல்தான் சாப்மனின் பெயரை மீட்டது. லாயிட்டுக்கு இதன் கண்டுபிடிப்பிலோ 1880இன் பரபரப்பிலோ பங்கில்லை என்பதை அந்நூல் காட்டியது. அதற்கு முன்பு பல ஆண்டுகள் வகுப்பில் லாயிட்டின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன்.

14ம் 15ம் ஏன் மாறாது

1990களின் தொடக்கத்தில், நான் கணக்குப் பாடம் எடுத்த ஏழாம் வகுப்பில் ஒரு பையன் இந்தப் பலகையைக் கொண்டுவந்தான். மற்றதெல்லாம் சரி, கடைசி வரியில் 13, 15, 14 என்று நின்றது. "சார், இது மட்டும் வரமாட்டேங்கு சார்" என்றான். "பொறுமையாப் பாருடே, எல்லாம் வரும்" என்று சொல்லி அனுப்பினேன். ஒரு வாரம் மதிய இடைவேளையில் சாப்பிட்டதும் சாப்பிடாததுமாக அதையே தள்ளிக்கொண்டிருந்தான். கவனம் போதாது என்று ஒருமுறை கடிந்தும் கொண்டேன். வீட்டில் தம்பி சில்லுகளை நெம்பி எடுத்துவிட்டு மாற்றி மாட்டியிருக்கிறான் என்பது இருவருக்கும் தெரியாது. லாயிட் 1,000 டாலர் வைத்த அதே நிலைதான் அந்தப் பையன் கையில் இருந்தது. அது எவராலும் முடியாதது என்பது நான் கல்லூரியில் படித்த கணிதத்திலேயே அடங்கியிருந்தும், அந்த நேரத்தில் அது எனக்குத் தோன்றவில்லை.

ஏன் முடியாது என்பதை 1879ஆம் ஆண்டுக்குரிய அமெரிக்கக் கணித இதழில் வூல்ஸி ஜான்சன் விளக்கினார். பித்து உச்சத்தில் இருந்தபோது வெளிவந்த கட்டுரை அது; இதழின் ஆசிரியர் புகழ்பெற்ற கணித அறிஞர் சில்வெஸ்டர். நிறுவலை ஏழாம் வகுப்புக்கே சொல்லிக் கொடுக்கலாம்.

சட்டத்தைச் சதுரங்கப் பலகைபோலக் கறுப்பும் வெள்ளையுமாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நகர்த்தலிலும் காலி இடம் ஒரு நிறத்திலிருந்து மற்ற நிறத்துக்குப் போகிறது. எனவே, புறப்பட்ட மூலைக்கே அது திரும்பி வந்திருந்தால், செய்த நகர்த்தல்கள் இரட்டைப்படையாகத்தான் இருக்க முடியும். இது முதல் படி.

இனி, காலி இடத்தை 16 என்று வைத்துக்கொண்டு எல்லா எண்களையும் ஒரே வரியாக வாசியுங்கள். பெரிய எண் சிறிய எண்ணுக்கு முன்னால் நிற்கும் ஒவ்வொரு ஜோடியையும் ஒரு "பிறழ்ச்சி" என்போம். சரியான வரிசையில் பிறழ்ச்சி 0. வரிசையில் எந்த இரண்டு எண்களை இடம் மாற்றினாலும் பிறழ்ச்சிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படை அளவிலேயே கூடும் அல்லது குறையும். ஒரு நகர்த்தல் என்பது 16உம் ஏதோவொரு சில்லும் இடம் மாறுவதுதான். ஆகவே, இரட்டைப்படை நகர்த்தல்களுக்குப் பின் பிறழ்ச்சிகளும் இரட்டைப்படையாகவே இருக்கும். 14ம் 15ம் மட்டும் மாறிய நிலையில் பிறழ்ச்சி ஒன்றே ஒன்று, அது ஒற்றைப்படை. இரண்டும் ஒத்துப்போகாது.

அதே இதழில் வில்லியம் ஸ்டோரி மறுபாதியை நிறுவினார்: காலி இடம் மூலையில் நிற்கையில் பிறழ்ச்சி இரட்டைப்படையாக உள்ள நிலைகள் அனைத்தையும் தீர்க்க முடியும். மொத்த அடுக்கங்களில் சரிபாதி தீரும், சரிபாதி தீராது. திருவிழாக் கடையில் பலகை வாங்குகிறவர்கள் காலி இடத்தைக் கீழ் மூலைக்குக் கொண்டுவந்து பிறழ்ச்சிகளை எண்ணினால், சரியாக மாட்டிய பலகையா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நல்ல நகர்த்தலைத் தேர்வது

தீர்க்கக்கூடிய பலகை கையில் இருந்தாலும், எந்தச் சில்லை எப்போது தள்ளுவது? மனிதர்கள் பொதுவாகக் கையாள்வது வரி வரியாக முடிக்கும் முறை. முதல் வரியை முடித்து அதைத் தொடாமல் வைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போவது. இதில் ஒரு பொறி உண்டு. 1, 2, 3 அமைந்துவிட்டன. 4 தன் இடத்துக்கு நேர் கீழே நிற்கிறது. மூலையில் வேறொரு சில்லு. இன்னும் ஓர் அடிதான் பாக்கி என்று தோன்றும். ஆனால் மூலைச் சில்லு வெளியேற இரண்டே வாசல்கள்: ஒன்றில் 3, மற்றொன்றில் 4. அமைந்துவிட்ட 3ஐக் கலைக்காமல் 4ஐ உள்ளே விட முடியாது. பழகியவர்கள் 3ஐ முதலிலேயே மூலையில் வைத்து, 4ஐ அதன் கீழே நிறுத்தி, காலி இடத்தை 3இன் உரிய இடத்துக்குக் கொண்டுவருவார்கள். பிறகு 3 இடப்பக்கம் நகரும், 4 மேலே ஏறும். இரண்டும் சேர்ந்து அமையும்.

இந்த முறை ஆட்டத்தை முடித்துத் தரும். ஆனால் மிகக் குறைந்த நகர்த்தல்களில் அல்ல. குறைந்தது எத்தனை என்று கேட்டால், நிலையை அளந்து பார்க்க ஓர் அளவுகோல் வேண்டும். அதில் மிகவும் பயன்பட்டது "மன்ஹாட்டன் தொலைவு". நியூயார்க் நகரத் தெருக்களைப் பார்த்து வைத்த பெயர். நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு அதை வரப்புத் தொலைவு என்று சொன்னால் உடனே புரியும். விளைந்து நிற்கும் வயலை யாரும் குறுக்கே மிதித்துப் போவதில்லை. வரப்பிலேயே நேராக நடந்து, திரும்பி, மறுபடி நேராக நடக்கிறோம். அதுபோல ஒவ்வொரு சில்லும் தன் இடத்தை அடைய நெடுக்கே எத்தனை கட்டம், குறுக்கே எத்தனை கட்டம் போக வேண்டும் என்று எண்ணிக் கூட்டினால் வருவதே அந்தத் தொலைவு.

மூன்றுக்கு மூன்று பலகையில் (எட்டுப் புதிர் எனப்படும்) ஒரு சிறு எடுத்துக்காட்டு:

1 2 3
4 _ 6
7 5 8

இதில் 5 ஓர் அடி தள்ளி நிற்கிறது, 8 ஓர் அடி தள்ளி நிற்கிறது. மற்றவை இடத்தில் உள்ளன. மொத்தம் 2. 2ஐக் கீழே இழுத்தாலோ, 4ஐ வலப்பக்கம் தள்ளினாலோ, 6ஐ இடப்பக்கம் தள்ளினாலோ தொலைவு 3 ஆகிவிடும். 5ஐ மேலே ஏற்றினால் 1. அடுத்து 8ஐ இடப்பக்கம் தள்ளினால் 0. இங்கே தொலைவு குறையும் வழியிலேயே போனால் போதும். ஆனால் முன்சொன்ன 4இன் பொறியில் அதே விதி மாட்டிவிடும். அங்கே தொலைவைக் கூட்டினால்தான் குறைக்க முடியும். "ஒவ்வோர் அடியிலும் பார்வைக்கு நல்லதைச் செய்" என்ற விதி இந்த ஆட்டத்தில் பாதி வழிதான் வரும்.

கணிப்பொறிகளின் தேடல்

பிரிட்டனில் ஜேம்ஸ் டோரன், டொனால்ட் மிச்சி இருவரும் 1966இல் எழுதிய நிரல், எட்டுப் புதிரை வைத்துத்தான் தன் தேடும் திறனைச் சோதித்துப் பார்த்தது. எட்டுப் புதிரில் சென்றடையக்கூடிய நிலைகள் 1,81,440 மட்டுமே. எவ்வளவு கலைந்திருந்தாலும் 31 நகர்த்தல்களுக்குள் தீர்ந்துவிடும். 1968இல் ஹார்ட், நில்சன், ரஃபேல் மூவரும் "ஏ ஸ்டார்" என்ற முறையை வெளியிட்டார்கள். இதுவரை செய்த நகர்த்தல்கள், இனித் தேவைப்படும் என்ற மதிப்பீடு, இரண்டையும் கூட்டி, எந்த நிலையில் கூட்டுத்தொகை குறைவோ அதை முதலில் விரித்துப் பார்ப்பது இதன் வழி. மதிப்பீடு உண்மைத் தேவையைவிடக் குறைவாக இருக்கலாம். கூடுதலாக இருக்கக் கூடாது. கூடுதலாக மதிப்பிட்டால் சிறந்த வழியையே "இது நீளம்" என்று ஒதுக்கிவிட நேரும். வரப்புத் தொலைவு ஒருநாளும் கூடுதலாக மதிப்பிடாது. ஒரு நகர்த்தலில் ஒரே சில்லு ஒரே அடிதான் போகிறது என்பதால், தொலைவு எவ்வளவோ அதற்குக் குறைந்த நகர்த்தல்களில் முடிக்க வழியில்லை.

பதினைந்து புதிரில் இந்த முறைக்கு நினைவகம் போதவில்லை. பார்த்த நிலைகளையெல்லாம் நினைவில் வைக்க வேண்டியிருந்ததே சிக்கல். 1985இல் ரிச்சர்ட் கோர்ஃப் அதற்கு ஒரு மாற்று கண்டார். முதலில் தொடக்கத் தொலைவையே வரம்பாக வைப்பது. ஒரு வழியில் செய்த நகர்த்தலும் மதிப்பீடும் சேர்ந்து வரம்பைத் தாண்டினால் அந்த வழியைக் கைவிட்டுத் திரும்புவது. எந்த வழியும் தேறாவிட்டால் வரம்பை உயர்த்தி மீண்டும் முதலிலிருந்து தேடுவது. ஒவ்வொரு நகர்த்தலிலும் தொலைவு ஒன்று கூடும் அல்லது ஒன்று குறையும் என்பதால் வரம்பை இரண்டிரண்டாக உயர்த்தினால் போதும். செய்த வேலையையே திரும்பச் செய்வதுபோலத் தோன்றினாலும், தற்போது நடக்கும் ஒரு வழியை மட்டும் நினைவில் வைத்தால் போதும் என்பது பெரிய ஆதாயம். இப்படி 100 கலைந்த நிலைகளுக்கு அவர் மிகக் குறுகிய தீர்வுகளைக் கண்டார். சராசரி சுமார் 53 நகர்த்தல்கள்.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின் 1987இல், டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் நாகேஸ்வர ராவ், விபின் குமார், ரமேஷ் ஆகிய மூன்று இந்தியப் பெயர்கள் கொண்ட கட்டுரை ஒன்று வந்தது. கோர்ஃபின் தேடலைப் பல செயலிகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்து, கையில் வேலை தீர்ந்த செயலி பக்கத்துச் செயலியிடம் மிச்சத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளும்படி செய்து, அதையும் பதினைந்து புதிரில்தான் சோதித்தார்கள். நடவு வயலில் தன் பாத்தியை முடித்தவர் அடுத்தவர் பாத்தியில் கைகொடுப்பதைப் போன்றதுதான். இவர்களில் விபின் குமார் ரூர்க்கி பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர்.

மிகக் கலைந்த நிலைக்கும் 80 நகர்த்தல்கள் போதும் என்பது 1999இல் உறுதியாயிற்று. அதேவேளை, ரேட்னர், வார்முத் இருவரும் 1986இலேயே வேறொன்றைக் காட்டியிருந்தார்கள்: பலகையின் பக்க அளவு பெருகிக்கொண்டே போனால், ஏதோவொரு தீர்வைக் காண்பது எளிதாகவே இருக்கும், மிகக் குறுகிய தீர்வைக் காண்பதுதான் கணிப்பொறி உலகில் மிகக் கடினமென்று வகைப்படுத்திய சிக்கல்களோடு சேரும்.

2014 மார்ச்சில் இத்தாலியைச் சேர்ந்த 19 வயது கேப்ரியேல் சிருல்லி வெளியிட்ட 2048 ஆட்டமும் நான்குக்கு நான்கு கட்டத்தில் எண் சில்லுகளைத் தள்ளுவதுதான். ஒரே எண் கொண்ட இரண்டு சில்லுகள் மோதினால் சேர்ந்து இரட்டிப்பாகும். ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பின்னும் ஏதோவொரு காலி இடத்தில் புதிதாக ஒரு 2 அல்லது 4 தோன்றும். பத்தில் ஒன்பது முறை 2. தற்செயல் நுழைந்துவிட்டதால் இங்கே "குறுகிய வழி" என்ற கேள்விக்கே இடமில்லை. சராசரியில் எது நல்லது என்றுதான் கணக்கிட முடியும். பேருந்தில் பிள்ளைகள் கைப்பேசியில் ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். பெரிய எண்ணை ஒரு மூலையில் நிறுத்தி அதை அசைக்காமல் காக்கும் உத்தியை யாரும் சொல்லாமலே கண்டுகொள்கிறார்கள்.

மாறிப்போன பலகைக்கு ஒரு வழி

14ம் 15ம் மாற்றி மாட்டிய பலகையை அப்படியே தூக்கிப் போட வேண்டியதில்லை. காலி இடம் கடைசி மூலையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தளர்த்தி, முதல் மூலையில் இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டால், அந்தப் பலகையையும் வரிசைப்படுத்தலாம். முதல் வரி காலி, 1, 2, 3. இரண்டாம் வரி 4, 5, 6, 7. மூன்றாம் வரி 8, 9, 10, 11. கடைசி வரி 12, 13, 14, 15. சரியாக மாட்டிய பலகையில் இந்த அடுக்கம் வராது. தவறாக மாட்டியதில்தான் வரும். மூன்றுக்கு மூன்று பலகையில் இந்தத் தப்பிக்கும் வழி இல்லை. அங்கே காலி இடம் எந்த மூலைக்குப் போனாலும் மாறியது மாறியதுதான்.

அந்த ஏழாம் வகுப்புப் பையன் வைத்திருந்தது நான்குக்கு நான்கு பலகை.